எந்தக் கீபோர்டு வாங்குவது என்று ஏழு வாரம் கேட்டேன்

1

பிள்ளைகளே,

நான் நிவேதாவின் அப்பா. உங்கள் ஏழாம் வகுப்பு நிவேதாதான். நான் குவைத்துக்கு வந்து இந்த மாதத்தோடு பதினான்கு வருடம் முடிகிறது. நிவேதாவுக்குப் பன்னிரண்டு வயது. கணக்கில் நீங்கள் கெட்டிக்காரர்கள், ஆகவே நான் விளக்கத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருக்கும் அப்பாமார் ஆளுக்கொரு கட்டுரை பள்ளி மலருக்கு எழுதித் தரவேண்டும் என்று உங்கள் தமிழ் ஐயா சொல்லிவிட்டாராம். பாலைவனம், ஒட்டகம், பேரீச்சம்பழம் பற்றி இருந்தால் நல்லது என்றாராம். ஒட்டகத்தை நான் இத்தனை வருடத்தில் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். நான்கு தடவையும் கம்பெனி வேனுக்குள் இருந்து. நான் அதைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. எங்களுக்குள் பழக்கம் அவ்வளவுதான். பேரீச்சம்பழம் பொன்னமராவதிக் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது.

பத்தாவது வரை படித்தவன் தனக்குத் தெரிந்ததை எழுதினால்தான் தப்பில்லாமல் வரும். எனக்குத் தெரிந்தது ஏசி மெஷின். இந்த வருடம் புதிதாகத் தெரிந்துகொண்டது கீபோர்டு. அதைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால் பயன்படும். கட்டுரையைத் தமிழ் ஐயாவுக்கே நேராக அனுப்புகிறேன். நிவேதாவிடம் காட்டவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2

என் வேலை இதுதான். காலையில் ஐந்தரைக்கு வேன் வரும். பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் ஏசியின் வெளிப்பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிருகிறது என்பார்கள். மேலே நாங்கள் அப்பளம் மாதிரிப் பொரிந்துகொண்டிருப்போம். எந்தப் பெட்டிக்கு நோவு என்று நான் திறந்து பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். காதை வைத்தால் போதும். பேரிங் போனால் ஒரு சத்தம், கேஸ் குறைந்தால் ஒரு சத்தம். சங்கீதம் எனக்குத் தெரியாது, ஆனால் காது உண்டு.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ரூமுக்கு வந்ததும் வீட்டுக்குப் போன். அப்போது ஊரில் மணி ஏழரை.

"சாப்பிட்டியா ஆத்தா?"

"ம்."

"ஸ்கூலுக்குப் போனியா?"

"ம்."

"இன்னிக்கு என்ன நடத்துனாங்க?"

"பாடம். அம்மாகிட்ட குடுக்குறேன்."

அடுப்பில் டீ கொதிப்பதற்குள் அப்பா மகள் பேச்சு முடிந்துவிடும். உங்களில் யாருக்காவது அப்பா வெளிநாட்டில் என்றால் இந்தப் பேச்சு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. பேச என்ன இருக்கிறது? அவளுடைய பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது. என் மொட்டை மாடியை அவள் பார்த்ததில்லை. சின்ன வயதில் பொம்மை கேட்டாள், சாக்லேட் கேட்டாள், பேசினாள். பிறகு பொம்மை நின்றது. பேச்சும் நின்றது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அவளே, "அப்பா, எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள். நான் கட்டிலில் நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் குடுமியான்மலைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே பாறையில் பழைய காலத்து ராஜா யாரோ சங்கீதத்தையே எழுத்தாக வெட்டி வைத்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். (அந்த வழியாக நான் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். எல்லாத் தடவையும் தூங்கிக்கொண்டு.) திரும்பி வந்ததும் மியூசிக் மிஸ் சனிக்கிழமை கீபோர்டு வகுப்பு ஆரம்பித்துவிட்டார். கீபோர்டு இரண்டு, பிள்ளைகள் பதினொன்று. ஆளுக்குப் பத்து நிமிடம். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மிச்ச நாளுக்கு அவள் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டு சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கீபோர்டு வரைந்து, குப்புறப் படுத்துக்கொண்டு வாசித்திருக்கிறாள். அவள் அம்மா சுமதி பின்னால் இருந்து சத்தம் போட்டது எனக்குக் கேட்டது.

"ஏங்க, சீக்கிரம் ஏதாச்சும் வாங்கி அனுப்புங்க. வீட்டுக்குள்ள நடக்க முடியல. தண்ணிக்கொடத்தோட வந்தா, 'அம்மா, மேல் ஸ்தாயில நிக்கிறீங்க, எறங்குங்க'ங்கிறா."

3

எனக்கு ஒன்றும் தெரியாததால் ரூமில் இருக்கும் அந்தோணி அண்ணனைக் கேட்டேன். அவர் கடலோரக் கட்டுமாவடிக்காரர். இளவயதில் மாதா கோயிலில் கிடார் வாசித்தவர்.

"கீபோர்டெல்லாம் எதுக்கு? கிடார் வாங்கு தம்பி. கரண்டு வேண்டியதில்ல. தோள்ல மாட்டிக்கிட்டு போட்டுலகூடப் போகலாம்."

"எங்க ஊர்ல ஏதுண்ணே போட்டு?"

"அது உங்க ஊரோட குத்தம். கிடாரோட குத்தமில்ல."

மறுநாள் நிவேதாவிடம், "கிடார் வாங்கலாமா ஆத்தா?" என்று கேட்டேன். அவள் மிஸ்ஸிடம் கேட்டு வந்து சொன்னாள். கிடார் நல்லதுதான், ஆனால் கம்பி அழுத்தி அழுத்தி விரல் நுனி ஒரு மாதம் வலிக்கும், பிறகு காய்த்துப்போகும். அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சின்ன அளவு கிடார் தனியாக இருக்கிறது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் முதல் நாளே சரியான சுரம் வரும். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம். பாத்திரத்தில் டீ வற்றிப் போயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை லீவில் வாத்தியக் கடைக்குப் போனேன். விற்பனையாளர் பிலிப்பைன்ஸ்காரர், தங்கமான மனிதர். எனக்கு இந்தியும் அரபியும் இங்கிலீஷும் தெரியும், ஆனால் மூன்றும் சேர்ந்துதான் வரும். "ஸ்மால் கேர்ள், நியூ, பியானோ" என்றேன். அவர் உள்ளே போய் ரோஸ் கலரில் ஒன்று கொண்டுவந்தார். எட்டுக் கட்டை. முதல் கட்டையை அழுத்தினால் வாத்து கத்தியது, இரண்டாவதில் நாய், மூன்றாவதில் மாடு. மாடு எனக்குத் திருப்தியாக இல்லை, வெளிநாட்டு மாடு. மகளுக்குப் பன்னிரண்டு வயது என்று விரலை விட்டுக் காட்டியதும் அவர் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெரிய டிஜிட்டல் பியானோவிடம் கூட்டிப்போனார். எண்பத்தெட்டுக் கட்டை. ஒவ்வொன்றும் நிஜப் பியானோ மாதிரி கனமாக அமுங்கும் என்றார். தூக்கிப் பார்த்தேன். நெல் மூட்டையின் தம்பி.

"ஆத்தா, டேப்பை எடுத்து பீரோவுக்கும் டிவிக்கும் நடுவுல அளந்து சொல்லு" என்றேன்.

"நாலரை அடிப்பா!"

நான்கரை அடிக்குள் அந்தப் பியானோ அடங்கும். ஆனால் பீரோக் கதவு திறக்காது.

"அப்ப ஒவ்வொரு தடவ சேலை எடுக்கவும் பியானோவ வாசல்ல கொண்டுபோயி வைக்கணுமா?" என்றாள் சுமதி. "பாறையில எழுதுனவுகளுக்கு எடமும் வேண்டியதில்ல, கரண்டும் வேண்டியதில்ல. ஒங்களுக்குத்தான் எல்லாம் வேணும்."

இந்தப் பியானோ விவகாரம் மட்டும் மூன்று சாயங்காலம் ஓடியது.

4

பிள்ளைகளே, இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்க வேண்டும் என்பது மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. மிஸ் தெளிவாகச் சொல்லியிருந்தார். அறுபத்தோரு கட்டை. கட்டைகள் முழு அளவில் இருக்க வேண்டும், பொம்மை அளவு கூடாது. மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் ஓங்கி அழுத்தினால் சத்தமாகவும் கேட்க வேண்டும். கரண்டு போனால் பேட்டரியில் ஓட வேண்டும். காதில் மாட்டிக் கேட்க ஹெட்போன் ஓட்டை இருக்க வேண்டும். இவ்வளவுதான். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு இது போதும். தாளில் எழுதிக் கட்டில் கம்பியில் ஒட்டி வைத்திருந்தேன்.

ஆனால் வாங்கவில்லை. வாங்கிவிட்டால் பேச்சு முடிந்துவிடுமே!

அதனால் சாயங்காலமானால் ஒரு சந்தேகம் தயார் பண்ணிக்கொண்டு போன் பண்ணுவேன். கறுப்புக் கட்டை எதற்கு? வெள்ளையை மட்டும் வைத்து வாசித்தால் ஆகாதா? இடது கை சும்மா இருக்கும்போது அதை என்ன செய்வது? மொட்டை மாடியில் ஸ்பேனரோடு நின்று கேள்வி யோசித்திருக்கிறேன். அவளும் ஒவ்வொன்றையும் மிஸ்ஸிடம் கேட்டு வந்து சொல்வாள். சொல்லும்போதே பக்கத்துப் பெஞ்சுக் கதை வரும், மிஸ்ஸுடைய ஸ்கூட்டி பஞ்சரான கதை வரும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு நாள் நாற்பது நிமிடம் பேசினாள். அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஏழாவது வாரம் மாட்டிக்கொண்டேன்.

"ஆத்தா, இந்தக் கிடாரு இருக்கே, அதுல வெரல் வலிக்குமாமே?"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம்.

"அப்பா, இது நீங்க மொத வாரமே கேட்டது. நாலாவது கேள்வி. பதினேழாவது கேள்வியும் இதேதான். நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"நோட்டா?"

"மறந்துரக்கூடாதுன்னு நீங்க கேக்குறத எல்லாம் எழுதி வச்சேன்." நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது. "வாங்கித் தர இஷ்டம் இல்லைன்னா சொல்லிருங்கப்பா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"இல்ல ஆத்தா, வாங்குறேன், வந்து..."

"ம்."

"கட்டாயம் வாங்குறேன்டா."

"ம். அம்மாகிட்ட குடுக்குறேன்."

சுமதி போனை வாங்கி, "என்ன சொன்னீங்க அவகிட்ட? ஈரத்துணிய எடுத்துத் தரையில வரைஞ்சத அழிச்சுக்கிட்டு இருக்கா" என்றாள்.

5

அந்தோணி அண்ணன் கீழ்க்கட்டிலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஊருக்கு விமானம். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. வேறு எங்கே விழும், ஒரே ரூம்.

"ஏந்தம்பி, ஒனக்கு அறிவு இருக்கா?"

"இல்லண்ணே."

"மீன் வருதுன்னு தூண்டில மட்டும் ஆட்டிக்கிட்டே இருந்தா, எர இல்லைன்னு அதுக்குத் தெரியாதா? நாளைக்கே போயி வாங்கிட்டு வா. நான் கொண்டுபோயிக் குடுக்குறேன்."

"ஒங்க பெட்டிக்கே எடை ஏறிப்போச்சேண்ணே?"

"எம்பொண்டாட்டிக்கு இப்பத்தான் சொன்னேன், சாமானெல்லாம் வராது, ஆளு மட்டும்தான் வருவேன்னு. அவ போதும்னுட்டா."

மறுநாள் வெள்ளி. கடைக்கு ஓடினேன். தாளில் எழுதியபடியே ஒரு கீபோர்டை எடுத்து மேசைமேல் வைத்தார் விற்பனையாளர். அவ்வளவு அவசரத்திலும் என் கை கால் சும்மா இருக்கவில்லை. நம் பக்கத்தில் ஒரு காளை வாங்கினால் எப்படிப் பார்ப்போம்? பல் எண்ணுவோம், சுழி பார்ப்போம், சுற்றி வந்து நிற்கிற நிலை பார்ப்போம். என் தாய்மாமனோடு சந்தைக்குப் போய்ப் பழகிய பழக்கம். நான் முதலில் கட்டைகளை எண்ணினேன். வெள்ளை முப்பத்தாறு, கறுப்பு இருபத்தைந்து, சரியாக அறுபத்தொன்று. பிறகு மேசையை மூன்று சுற்றுச் சுற்றினேன். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தேன். கடைசியில் முதுகில் ஒரு தட்டும் தட்டிவிட்டேன். அது சிலிர்க்கவில்லை.

"சார், ப்ராப்ளம்?" என்றார் அவர், முகம் வெளுத்துப்போய்.

"நோ ப்ராப்ளம். குட் டீத்" என்றேன்.

மகளுக்குக் கேட்கட்டும் என்று அங்கிருந்தே போன் போட்டு, அவரை வாசிக்கச் சொன்னேன். அருமையாக வாசித்தார். கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"கேட்டுச்சா ஆத்தா?"

"ஒண்ணும் கேக்கலப்பா. யாரோ தண்ணிக்குள்ள கொப்புளிக்கிற மாதிரி இருக்கு. எங்க இருக்கீங்க?"

"கடையில. வாங்கிட்டேன்."

அவள் போனைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நன்றாகவே கேட்டது.

6

ஊருக்குப் போகிறவர் பெட்டியில் ரூமில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு பொட்டலம் வைப்பது இங்கே வழக்கம். யாரும் மறுக்க முடியாது, நாளைக்கு நமக்கும் ஒருவர் சுமக்க வேண்டும். அன்று எல்லாரும் தங்கள் பொட்டலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கீபோர்டை நிறுத்தி வைத்து, புலிப்படம் போட்ட கம்பளிப் போர்வை ஒன்றைச் சுற்றிக் கயிறு கட்டினோம். பார்ப்பதற்குக் குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி இருந்தது.

அந்தோணி அண்ணன் திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து சுமதியிடம் ஒப்படைத்தார். அதற்குமேல் அவர் கிழக்கே போக வேண்டும், கீபோர்டு மேற்கே போக வேண்டும். "வீட்டுல மீன் கொழம்பு கொதிக்குது தங்கச்சி, புலியப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க" என்றாராம்.

பொன்னமராவதியில் இறங்கி, நம் ஊர் டவுன் பஸ்ஸில் நிவேதாவுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் அதை நிற்க வைத்திருக்கிறார்கள். கண்டக்டர் வந்து பார்த்திருக்கிறார்.

"பொம்பளைங்களுக்கு டிக்கெட் கெடையாது. போர்வைக்குள்ள நிக்கிறது யாரு? ஆம்பளையா, பொம்பளையா?"

"கீபோர்டுங்க" என்றாள் சுமதி.

"அதத்தான் கேக்குறேன். கீபோர்டு பொம்பளையா இருந்தா சும்மா வரட்டும்."

நிவேதா எழுந்து, "பாட்டு பாடும், பொம்பளப் புள்ளைதான்" என்றாளாம். பஸ்ஸே சிரித்திருக்கிறது. லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, "பாட்டு வந்ததும் சொல்லு பாப்பா, கேக்க வாரேன்" என்றாராம் கண்டக்டர்.

7

ஒரு மாதம் கழித்து, போன வாரம், வேலை முடிந்து மொட்டை மாடியிலேயே வேனுக்குக் காத்திருந்தேன். போன் வந்தது. நான் பண்ணவில்லை, அவளே பண்ணினாள்.

"அப்பா, ஒரு பாட்டு முழுசா வந்துருச்சு. ஸ்கூல்ல காலையில பாடுறது. கேளுங்க."

வாசித்தாள். கேட்டது கொப்புளிக்கிற சத்தம்தான்.

"கேட்டுச்சாப்பா?"

"கேக்கல ஆத்தா."

இதன் காரணத்தை எங்கள் சைட் இன்ஜினியர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். போனுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். மனிதக் குரலை மட்டும் விடும், மற்ற சத்தத்தை எல்லாம் ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். அதாவது என் மகளின் சங்கீதத்தை நிறுத்திவிட்டு அவள் பேச்சை மட்டும் எனக்கு அனுப்புகிறது. இத்தனை வருடமாக மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறேன், முதல் தடவையாக ஒரு மெஷின் என் கட்சிக்கு வந்திருக்கிறது.

"ஏங்க, வீடியோ எடுத்து அனுப்புறேன், அதுல நல்லாக் கேக்கும்" என்றாள் சுமதி.

"வேணாம், வேணாம். ஆத்தா, நீ வாயாலயே சொல்லு. மொதல்ல எந்த வெரலு எங்க போகுது?"

இனி 'ம்' வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்பா."

"என்ன ஆத்தா?"

"மறுபடி ஆரம்பிச்சுட்டீங்க."

"என்னத்த?"

"இருபத்து மூணு கேள்வி கேட்டீங்களே, அத. சும்மா பேசணும்னா சும்மா பேசுங்கப்பா, எதுக்குக் கீபோர்டப் போட்டு இழுக்குறீங்க?" சிரிக்கிறாள். "இன்னிக்கு நான் கேக்குறேன். நீங்க சொல்லுங்க. அங்க ஏதோ 'உம்ம்'ங்குதே, என்ன அது?"

"கம்ப்ரஸர். ஒனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"நீங்க பேசயில லேசாக் கேட்டுச்சு. எப்படிக் கத்தும்? போட்டுக் காட்டுங்க."

இருபது மாடிக்கு மேலே, சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஆரோக்கியமான கம்ப்ரஸர் எப்படிப் பாடும் என்று வாயால் போட்டுக் காட்டினேன். பிறகு பேரிங் போனது. பிறகு கேஸ் குறைந்தது. அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, "இன்னொரு தடவப்பா, அந்தப் பேரிங்கு" என்றாள். நான் திரும்பினால் வேன் டிரைவர் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இருங்கப்பா இருங்க, அந்தச் சத்தத்தக் கண்டுபிடிச்சுட்டேன். இடது கைப் பக்கம், கறுப்புக் கட்டை. கேளுங்க!"

அழுத்தினாள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"சரியாப்பா? இதானே?"

"அதேதான் ஆத்தா. அச்சு அசல்" என்றேன்.

அது பொய் என்று இந்த மலரைப் படித்துத்தான் நிவேதாவுக்குத் தெரியப்போகிறது. தெரிந்ததும் கோபமாக எனக்கு ஒரு போன் வரும். அதற்காகத்தான் எழுதியிருக்கிறேன்.